நீண்ட விடுமுறையும் ஜொகூரின் பட்டறைகளும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஸ்கூடாயில் பல்கலைக்கழகத் தேர்வு முடிந்து நீண்ட விடுமுறை விட்டதும் பொறியியல் மாணவர்கள் மூன்றாகப் பிரிந்துபோவார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம். பேரங்காடியிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலைக்குச் சேர்கிறவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது கூட்டம் அங்கேயே தங்கி, ஐந்து நாள், பத்து நாள் என்று நடக்கும் குறும்பயிற்சிகளுக்குப் போகும்.

அந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டு துறைகளைச் சேர்ந்தவை. ஒன்று வடிவமைப்பு: ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் இயந்திர பாகங்களை வரைவது. மற்றது தானியக்கம்: பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி, காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டர்கள், ரோபோ கை. ஒரு பருவம் முழுக்க விரிவுரையாகக் கேட்டதை மாணவர் இங்கே ஒரு வாரம் கையால் செய்து பார்க்கிறார். வேலைச் சந்தையின் நெருக்கடியில் அண்மையில் முளைத்த வியாபாரம் என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. அந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு, அது எப்போதும் முன்வரிசை இடமாக இல்லாவிட்டாலும்.

ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யு.டி.எம்., ஜொகூரில் பிறந்ததல்ல. 1904இல் கோலாலம்பூரில் தொடங்கிய சிறிய தொழில்நுட்ப வகுப்புதான் அதன் மூலம். பொதுப்பணித் துறைக்கும் ரயில்வேக்கும் அளவையாளர்களும் வரைவாளர்களும் உதவியாளர்களும் தேவைப்பட்டார்கள். கப்பலில் ஆள் வரவழைத்துக் கட்டுப்படியாகவில்லை. உள்ளூரிலேயே பழக்கிக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் நிர்வாகம் முடிவு செய்தது.

அதற்கு முன்பு அந்த வேலைகளைச் செய்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் கணிசமானவர்கள். இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்துவிட்டு சிலாங்கூருக்கு வந்து, பிறகு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குத் தலைவரான சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், தாம் அறிந்த இலங்கைத் தமிழர்களையே வேலைக்குக் கொண்டுவந்தார். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் வரைபட மேசைகளிலும் அவர்கள் அமர்ந்தார்கள். தண்டவாளத்துக்கு மண் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909இல் ரயில் வந்து சேர்ந்தபோது வரைந்த கையும் வெட்டிய கையும் தமிழர் கையாக இருந்தன. ஆனால் முதல் கைக்குப் பள்ளிப்படிப்பு இருந்தது, இரண்டாவது கைக்கு இல்லை. அந்த வேறுபாடு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலம்வரை தொடர்ந்தது.

தோட்டங்களில் பொறியியல் வேறு மாதிரி நடந்தது. ரப்பர் ஆலைகளின் டீசல் இன்ஜினையும் உருளை இயந்திரங்களையும் ஓட்டியவர்கள் படித்துத் தொழில் கற்கவில்லை. மூத்த ஃபிட்டர் ஒருவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, எண்ணெய் ஊற்றி, இன்ஜின் சத்தம் மாறினால் எங்கே கோளாறு என்று காதால் கண்டுபிடிக்கப் பழகினார்கள். கையில் சான்றிதழ் எதுவும் வந்து சேரவில்லை. தோட்டம் கைமாறியபோது அந்தத் திறமைக்கு வெளியே மதிப்பும் கிடைக்கவில்லை.

கோலாலம்பூர் வகுப்பு மெல்ல வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்நுட்பக் கல்லூரியானது, 1955இல் கர்னி சாலைக்கு இடம்பெயர்ந்தது, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமானது, 1975இல் இன்றைய பெயரைப் பெற்றது.

இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் பொறியியல் மாணவரின் விடுமுறைக்குப் புதிய பொருள் உண்டாகிக்கொண்டிருந்தது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், மாணவர் சில வாரம் வகுப்பிலும் சில வாரம் தொழிற்சாலையிலும் மாறி மாறி இருக்கும் முறையைத் தொடங்கினார். 1948 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். தொழில்நுட்ப மாணவர்களை விடுமுறைக் காலத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழக்கும் ஐயஸ்டே என்ற அமைப்பு அங்கே உருவானது. போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம். போர் பிளவுபடுத்திய கண்டத்தில் மாணவர்களின் விடுமுறை இணைப்புக்குப் பயன்பட்டது. பொறியியல் மாணவருக்கு விடுமுறை என்றால் பட்டறைக்காலம் என்ற எண்ணம் கல்லூரிகளில் நிலைபெற இந்த அமைப்பும் ஒரு காரணம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்றும் ‘இன்பிளான்ட் டிரெயினிங்’ என்று சொல்கிறார்களே, அதுவும் இந்த எண்ணத்தின் வழிவந்ததுதான்.

ஜொகூருக்கு இந்த எண்ணம் தீவிரமாக வந்து சேர்ந்தது 1980களில். அதற்குப் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் 1979இல் ஊதியங்களை வேண்டுமென்றே உயர்த்தத் தொடங்கியது. மலிவுக் கூலியை நம்பிய தொழிற்சாலைகள் போகட்டும், நுட்பமான தொழில்கள் வரட்டும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஆள் தயார்செய்யும் ஏற்பாட்டை அது முன்பே ஆரம்பித்திருந்தது. 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி மையம், அடுத்து ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடு, 1982இல் ஜெர்மனியோடு ஒரு கழகம் என்று வரிசையாக அமைத்தது. ஜெர்மன் கழகத்தில் பட்டறையையே சிறிய தொழிற்சாலை மாதிரி நடத்தினார்கள். மாணவர் உண்மையான வாடிக்கையாளருக்கு உண்மையான பாகம் செய்துகொடுத்தார்.

சிங்கப்பூரில் கட்டுப்படியாகாத தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் நிலம் இருந்தது ஜொகூரில்தான். பாசீர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் திறந்திருந்தது. 1985இல் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏறியதும் ஜப்பான் நிறுவனங்கள் தென்கிழக்காசியாவுக்குப் படையெடுத்தன. மறு ஆண்டே மலேசியா முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் கொண்டுவந்தது. செனாய், தெப்ராவ், பாசீர் கூடாங் வட்டாரங்களில் மின்னணு, பிளாஸ்டிக், உலோக அச்சுத் தொழிற்சாலைகள் எழும்பின.

யு.டி.எம். ஸ்கூடாயில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட வளாகத்தை 1985 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்தது. ஒரே பத்தாண்டில், ஒரே வட்டாரத்தில், நாட்டின் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து அமர்ந்தன. ஜொகூரின் விடுமுறைப் பயிற்சிக் கலாசாரத்துக்கு இதைவிட முக்கியமான காரணம் இல்லை. பஸ் ஏறி அரை மணி நேரத்தில் மாணவர் ஒரு தொழிற்சாலை வாசலில் இறங்கலாம். அங்கே போனதும்தான் தெரிந்தது, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தொட்டதற்கும் தொழிற்சாலைத் தளத்தில் ஓடுவதற்கும் எவ்வளவு தூரம் என்று.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். 1980களின் மாணவருக்கு வரைதல் என்றால் பெரிய சாய்ந்த பலகை, டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், டிரேசிங் தாள், ரோட்ரிங் பேனா. கனமான கோட்டுக்கு ஒரு பேனா, பரிமாணக் கோட்டுக்கு இன்னொரு பேனா. மை காயும்முன் கை பட்டால் மூன்று மணி நேர உழைப்பு போச்சு. தவறிய கோட்டை பிளேடால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி கோடு போட வேண்டும். நகல் எடுக்கும் அறையில் அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும். இப்படிப் பழகிய மாணவர்கள் வேலைக்குப் போன இடத்தில் கணினித் திரை காத்திருந்தது.

ஆட்டோகேட் முதன்முதலில் வெளிவந்தது 1982இல். அதற்கு முன்பு கணினியில் வரைவது விமானமும் கார்களும் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது. மேசைக் கணினியில் அது ஓடத் தொடங்கியதும் சிறிய அச்சுப்பட்டறைகூட அதை வாங்க நினைத்தது. கல்லூரிப் பாடத்திட்டம் அந்த வேகத்தில் மாறாது, எங்கேயும் மாறியதில்லை. அந்த இடைவெளியில்தான் குறும்பயிற்சி பிறந்தது. சென்னையில் 1988இல் தொடங்கிய கேட் சென்டர் பின்னர் ஊர் ஊராகக் கிளை பரப்பியதற்கும் இதே இடைவெளிதான் காரணம். மூன்று பரிமாணத்தில் பாகத்தை உருவாக்கும் சாலிட்வொர்க்ஸ் 1995இல் வந்து, சாதாரண விண்டோஸ் கணினியிலேயே ஓடியபோது பயிற்சிக்கு இன்னொரு அலை எழுந்தது. மென்பொருள் மாற மாற, விடுமுறை வகுப்பின் பெயர்ப்பலகையும் மாறியது.

தானியக்கத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1960களின் கடைசிவரை தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தியவை ரிலே பெட்டிகள். அலமாரி அளவுக் கூண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான ரிலேகள், கொத்துக் கொத்தாகக் கம்பிகள். ஒவ்வோர் ஆண்டும் கார் மாடல் மாறும்போது அத்தனை கம்பிகளையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அலுத்துப்போன ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1968இல் மாற்று கேட்டது. டிக் மார்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 என்ற கருவி அதற்கு விடையாக வந்தது. அதுதான் பி.எல்.சி.களின் மூதாதை. கம்பியை மாற்றத் தேவையில்லை, நிரலை மாற்றினால் போதும். பழைய எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ஏணி வடிவப் படத்தையே நிரல் மொழியாக வைத்தது அவர்களின் பெரிய புத்திசாலித்தனம்.

ஜொகூர்ப் பயிற்சிக் கூடங்களில் ஓம்ரான், மிட்சுபிஷி, சீமென்ஸ் கருவிகள் புழங்குகின்றன. முதல் நாள் பயிற்சி பெரும்பாலும் ஒரு மோட்டாரை ஓடவைத்து நிறுத்துவது. ஒரு ஸ்டார்ட் பொத்தான், ஒரு ஸ்டாப் பொத்தான். கேட்க எளிது. ஸ்டார்ட்டை அழுத்திக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓட வேண்டும். அதற்கு மோட்டாரின் சமிக்ஞையையே ஸ்டார்ட்டுக்குப் பக்கவாட்டில் சேர்த்துப் பூட்டுகிறார்கள். ஸ்டாப்பை அழுத்தினால் பூட்டு உடைய வேண்டும். புத்தகத்தில் படித்த மாணவர், ஸ்டாப் என்றால் மூடிய தொடர்பு என்று மனப்பாடமாக ஏணிப்படத்தில் போடுகிறார். ஸ்டார்ட்டை அழுத்துகிறார். மோட்டார் அசைவதில்லை.

காரணம் மேசையில் இருக்கிறது. பயிற்சி மேசையில் ஸ்டாப் பொத்தான் கம்பியாலேயே மூடிய தொடர்பாக இணைக்கப்பட்டிருக்கும். யாரும் அழுத்தாதபோது அதன் விளக்கு பி.எல்.சி.யில் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே நிரலில் அது திறந்த தொடர்பாக இருக்க வேண்டும். ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள் என்று மாணவர் கேட்பார். பயிற்றுநர் பதில் சொல்லாமல் ஸ்டாப்பின் கம்பியைப் பிடுங்கிக் காட்டுவார்; ஓடிக்கொண்டிருந்த மோட்டார் உடனே நின்றுவிடும். எலி கம்பியைக் கடித்தாலும், திருகு கழன்றாலும், இயந்திரம் ஆபத்தில்லாத பக்கம் சாய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எத்தனை விரிவுரை கேட்டாலும் ஒரு கம்பியைப் பிடுங்கிய அந்த நொடிக்கு ஈடாகாது.

நியூமேட்டிக் மேசையிலும் இதுபோல ஒரு முடிச்சு உண்டு. முதல் சிலிண்டர் பொருளைப் பிடிக்க வேண்டும், இரண்டாவது சிலிண்டர் துளையிட இறங்கி ஏற வேண்டும், பிறகு முதல் சிலிண்டர் பிடியை விட வேண்டும். இரண்டாவது சிலிண்டர் மேலே வந்துவிட்டது என்ற சமிக்ஞைதான் பிடியை விடச் சொல்கிறது. ஆனால் தொடக்கத்திலும் அது மேலேதானே இருக்கிறது? ஸ்டார்ட் அழுத்தியதும் பிடி என்றும் விடு என்றும் வால்வின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் காற்று முட்டும். வால்வு அசையாது. அதை அவிழ்க்க மாணவர்கள் மதிய உணவைக்கூட மறந்து நிற்பார்கள். பொறியியல் என்பது எதைப் பற்றியது என்று பலருக்கு முதலில் விளங்கும் இடம் இதுதான்.

இத்தகைய மேசைகள் விலை அதிகம். அவை ஜொகூரில் பெருகியதற்கு ஒரு சட்டமும் துணைசெய்தது. 1992இல் வந்த மனிதவள மேம்பாட்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் தொழிற்சாலைகள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. கட்டிய பணத்தைப் பயிற்சிக்குத்தான் திரும்பப் பெற முடியும். ஆகவே பயிற்சிக்குச் சந்தை உண்டானது. பாசீர் கூடாங்கில் ஜொகூர்த் திறன் மேம்பாட்டு மையமான புஸ்பாத்ரி செயல்பட்டது. பல்கலைக்கழகங்கள் தொடர்கல்விப் பிரிவுகளை வளர்த்தன. தொழிலாளர்களுக்காக வாங்கிய மேசைகளில் மாணவர்கள் உட்காரவும் வழி பிறந்தது.

1993 செப்டம்பரில் பத்து பஹாட் அருகே பாரிட் ராஜாவில் பொலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு மையம் தொடங்கியது. கற்பிப்பவருக்கே பட்டறை அனுபவம் போதவில்லை என்பதை நேர்மையாக ஒத்துக்கொண்டு தொடங்கிய நிறுவனம் அது என்று சொல்லலாம். 1996இல் துன் உசேன் ஓன் பெயரைத் தாங்கிய தொழில்நுட்பக் கழகமாகி, 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. இன்று யு.டி.எச்.எம். என்றால் ஜொகூரில் தெரியாதவர் இல்லை.

இந்த வளர்ச்சியெல்லாம் நடந்தபோது ஜொகூர்த் தமிழர்கள் எங்கே இருந்தார்கள்? கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துகொண்டிருந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். தோட்டத்து வாசலுக்கே வந்து நின்ற தொழிற்சாலை பஸ்களில் இளைஞர்களும் பெண்களும் ஏறினார்கள். பெரும்பாலோர் ஏறியது இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் ஆபரேட்டர் வேலைக்கு. பி.எல்.சி. பெட்டியைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில் இருந்தது.

படித்து மேலே வந்த பிள்ளைகள் பட்ட பாடும் சிறிதல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் பழக பெராலிஹான் எனும் புகுமுக வகுப்பில் பலருக்குக் கூடுதலாக ஓராண்டு, பல்கலைக்கழகத்தில் மலாய், தொழிற்சாலையில் கருவியின் கையேடு ஆங்கிலத்தில். 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற இயக்கங்கள் வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்திய வகுப்புகள் அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளைத் தாண்டவைத்தன. சமூகத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று அது. ஆனால் அந்த அக்கறை பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போன பிள்ளை இனிப் பார்த்துக்கொள்ளும் என்று குடும்பமும் சமூகமும் மூச்சு விடுகின்றன. பொறியியல் படிப்பில் மிக அவசியமான செலவு, அந்த விடுமுறைப் பயிற்சிக்கான சில நூறு ரிங்கிட், அப்போதுதான் வந்து நிற்கிறது. வீட்டுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளை பேரங்காடிக்கு வேலைக்குப் போகிறது.

விடுமுறைப் பயிற்சியைத் தவறவிட்டதன் விளைவு பின்னர் தொழிற்பயிற்சியில் தெரியும். பொறியியல் பட்டங்களுக்குச் சர்வதேச அங்கீகாரம் தரும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009இல் முழு உறுப்பினரானது. பட்டப்படிப்பில் குறைந்தது இரண்டு மாதத் தொழிற்பயிற்சி கட்டாயம். மாணவர் தினமும் பதிவேட்டில் செய்த வேலையை எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். முன்கூட்டியே ஒரு குறும்பயிற்சி முடித்தவர் பதிவேட்டில் வயரிங், நிரல் திருத்தம், சென்சார் மாற்றம் என்று எழுதுகிறார். முடிக்காதவரை நம்பி யாரும் பெட்டியைத் திறந்து கொடுப்பதில்லை. அவர் பதிவேட்டில் கோப்பு அடுக்கியதும் நகல் எடுத்ததும் இருக்கும். இரண்டு மாதம் ஒன்றுதான், கையொப்பமும் ஒன்றுதான்.

2020 மார்ச்சில் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பயிற்சிகள் திரைக்குள் போயின. சிலிண்டரும் வால்வும் கணினியில் படமாக நகர்ந்தன. தர்க்கத்தைக் கற்க அது உதவியது. காற்றுக் குழாய் கழன்று சீறும்போது என்ன செய்வது என்று அது கற்றுத்தரவில்லை. மேசைகள் மறுபடி திறந்த பிறகும் மலிவான வழி என்று திரையோடு நின்றுவிட்ட வகுப்புகள் இன்றும் உண்டு. ஐம்பது பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, படம் காட்டி, மாலையில் சான்றிதழ் நீட்டுவது பயிற்சி ஆகாது.

இப்போது ஜொகூரில் இன்னொரு அலை. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலாயில் தரவு மையங்கள் எழும்புகின்றன. அவற்றுள் ஒய்.டி.எல். குழுமத்தின் வளாகம் அமைந்திருக்கும் நிலம் முன்பு கூலாய் யங் தோட்டம், ஏறத்தாழ 664 ஹெக்டேர். அதன் குளிரூட்டும் பம்புகளையும் மின்சார மாற்றிகளையும் கண்காணிப்பவை பி.எல்.சி. குடும்பத்தைச் சேர்ந்த தானியக்கக் கருவிகள். தோட்டம் என்ற பெயரோடு இருந்தவரை அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் இருந்தார்கள். தரவு மையமான பின் அதன் கட்டுப்பாட்டு அறையில் நம் பிள்ளைகள் இருப்பார்களா என்பது அடுத்த சில விடுமுறைகளில் தீர்மானமாகிவிடும்.

ஜொகூரின் கோயில் நிர்வாகங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நீங்கள் வழங்கும் கல்வி நிதியில் ஒரு பங்கை இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவர்களின் விடுமுறைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு மேசைக்கு எத்தனை மாணவர், நாளில் எத்தனை மணி நேரம் கருவி அவர்கள் கையில் இருக்கும், பயிற்றுநர் எந்தத் தொழிற்சாலையில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர். சரியான பதில் தராத நிலையத்துக்கு ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள்.